கணுக்காலில் ஒரு பிடி

அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது. பெயிண்டர் உட்கார்ந்திருக்கும்போது அவர் காலடிப் பக்கம் யாரும் போவதில்லை. மகளின் பென்சில் உருண்டு அவர் நாற்காலிக்குக் கீழே போனால்கூட, அவர் எழுந்து போகும்வரை அது அங்கேயே கிடக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வார். படுத்தால் போர்வையின் ஓரத்தைப் பாதங்களுக்கு அடியில் இறுக்கிச் செருகிக்கொள்வார். கேட்டால், "தரை சில்லுன்னு இருக்கு" என்பார். வியர்த்து ஊற்றும் நாட்களிலும் அதையேதான் சொன்னார்.

நாற்பத்திரண்டு வயது. கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பதில் இருபத்து மூன்று வருட அனுபவம். சுவரை விரலால் தட்டிப் பார்த்தே உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பட்டி வைத்துத் தேய்த்த சுவரில் தன் கன்னத்தை ஒட்டிப் பார்ப்பார். கன்னத்துக்கு உறுத்தினால் மறுபடி உப்புத்தாளை எடுக்க வேண்டியதுதான். "சுவத்துக்கு முத்தம் குடுக்குற ஆளு" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவருடைய மனைவி திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்தாள். மீதி வேலையை வீட்டுக்கும் எடுத்து வருவாள். மகளுக்கு ஆறு வயது. மனைவியின் தம்பியும் அவர்களோடுதான் இருந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் என்பதால் எல்லோருக்கும் அவன் நெட்டைதான். "இவன் கூட இருந்தா ஒரு ஏணி மிச்சம்" என்று சொல்லித்தான் பெயிண்டர் அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் ஆறு வருடம் ஒரே வாளியில் தூரிகையை முக்கியவர்கள்.

அந்த விபத்து நடந்தது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். மொட்டை மாடியிலிருந்து இரண்டு கயிறுகளில் தொங்கவிட்ட இரும்பு மேடையில் நின்றபடி இருவரும் வெளிச்சுவருக்கு அடித்துக்கொண்டே மாடி மாடியாகக் கீழே இறங்கி வந்தார்கள். காலை பத்தரை மணி. மூன்றாவது மாடி. ஒரு மூலையை எட்டி அடிப்பதற்காக நெட்டை இடுப்பு பெல்ட்டின் கொக்கியை ஒரு நிமிடம் கழற்றியிருந்தான். அந்த ஒரு நிமிடத்தில்தான் மேடையின் ஒரு பக்கத்துக் கயிறு நழுவியது.

முதலில் வாளி போனது. பிறகு காலுக்குக் கீழே மேடை இல்லை. பெயிண்டரின் பெல்ட் தனிக் கயிற்றில் மாட்டியிருந்ததால் அவர் அந்தரத்தில் தொங்கினார். சரிந்து வந்த நெட்டை அவருடைய வலது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சில வினாடிகள் அப்படியே தொங்கினார்கள். பிறகு நெட்டை கீழே இருந்த சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரைமேல் விழுந்தான். தகரம் வளைந்து கொடுத்ததால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பும் இடது தொடையும் நொறுங்கின. பெயிண்டரைக் கால் மணி நேரம் கழித்து ஒரு ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துப் போட்டார்கள். அவர் உடம்பில் பெல்ட் அழுத்திய தடம் தவிர ஒரு கீறல்கூட இல்லை.

"கடைசிவரைக்கும் காலை அசைக்காம அந்தப் பையனைத் தாங்கினாருப்பா மனுஷன்" என்று கட்டடத்துக் காவலாளி எல்லோரிடமும் சொன்னார். கீழே இருந்து பார்த்த அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. மனைவி ஆஸ்பத்திரி வாசலில் கணவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் தம்பிக்காக உங்க உயிரையே பணயம் வெச்சிருக்கீங்க" என்றாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். கடையில் சொன்னாள். பக்கத்து வீடுகளில் சொன்னாள்.

உண்மையில் நடந்தது வேறு. இடுப்பில் கயிறு இறுக, தலைக்கு மேலே கொக்கி கிறீச் கிறீச்சென்று சத்தம் போட, இரண்டு பேருமே போய்விடுவோம் என்ற எண்ணம் வந்த நொடியில் பெயிண்டர் தன் இடது காலால் உதைத்தார். முதல் உதை நெட்டையின் விரல்மேல் பட்டது. இரண்டாவது உதையில் பிடி விட்டது.

இது அவருக்கு மட்டும்தான் தெரியும். நெட்டைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் பயம் ஆரம்பித்தது.

இரண்டு மாதம் கழித்து, தொடையில் கம்பி வைத்து, நெட்டையை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். தெருவைப் பார்த்த முன்னறையில் அவனுக்குக் கட்டில் போட்டார்கள். முன்வாசல் வழியாகப் போக வேண்டும் என்றால் அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். பெயிண்டர் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தின் வழியாகப் போக ஆரம்பித்தார். வேலைக்குப் போகவில்லை. முதுகு வலி என்றார். ஏணியின் இரண்டாவது படியில் கால் வைத்தாலே தலை சுற்றியது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

முன்னறையிலிருந்து நெட்டை அடிக்கடி கூப்பிடுவான்.

"மாமா."

அடுப்படிச் சுவரோடு ஒட்டி நிற்பார்.

"மாமா, இருக்கீங்களா? கொஞ்சம் வாங்களேன்."

இன்றைக்குக் கேட்டுவிடப் போகிறான் என்று நினைத்துக்கொண்டே போவார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"ஃபேனைக் கொஞ்சம் குறைங்க மாமா. குளிருது."

ஃபேனைக் குறைத்துவிட்டு வந்து பின்கட்டில் குந்தி உட்கார்ந்துகொள்வார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மதியம் அவன் கூரையைப் பார்த்தபடி, "மாமா, அன்னைக்கு நாம..." என்று ஆரம்பித்தான். அதற்குள் மனைவி தட்டோடு உள்ளே வந்தாள். அவன் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். பெயிண்டருக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. அன்னைக்கு நாம என்ன? பாதியில் நின்ற அந்த வாக்கியத்தை அவர் மனத்துக்குள் நூறு விதமாக முடித்துப் பார்த்தார். எல்லாம் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தது.

பகலிலும் அந்தப் பிடி வரும். பல் துலக்கும்போது வரும். கடையில் சில்லறைக்காக நிற்கும்போது வரும். வலது கணுக்காலைச் சுற்றிப் பத்து விரல்கள், இடம் மாறாமல், இறுக்கமாக. குனிந்து பார்ப்பார். ஒன்றும் இருக்காது. காலுறை போடுவதை விட்டார். பேண்ட்டின் கீழ்முனை கணுக்காலில் உரசுகிறதே என்று அதை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ நினைவில் கால்களைத் தொங்கவிட்டிருந்தார். மகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தது அவருக்குத் தெரியாது. "பிடிச்சிட்டேன்!" என்று கத்திக்கொண்டே அவள் அப்பாவின் வலது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அவருடைய இடது கால் உதைத்தது. இரண்டு முறை.

மகளின் வாய் கட்டில் காலில் மோதியது. உதடு கிழிந்தது. முன்பல் ஒன்று தரையில் கிடந்தது. அவள் அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, வாயில் ரத்தத்தோடு, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அப்பாவைப் பார்த்தாள்.  அன்றுவரை அவர் நெட்டையைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து தன் காலைப் பார்த்தும் பயந்தார்.

மகளுக்குத் தையல் போட்ட டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். தூக்கம் எப்படி, திடுக்கிடுகிறீர்களா, ஏதாவது மறுபடி மறுபடி நினைவுக்கு வருகிறதா? பெயிண்டர் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். "மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது. எங்க ஆஸ்பத்திரியில படம் வரைய வெச்சு வைத்தியம் பண்றவங்க ஒருத்தங்க இருக்காங்க. வாரம் ஒருநாள் போங்க" என்றார் டாக்டர்.

"எனக்குப் படமெல்லாம் வரையத் தெரியாதுங்க. நான் சுவத்துக்குத்தான் அடிப்பேன்."

"அது போதும்" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைக் கலர் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமுடிமேல் ஏற்றிவிட்டுவிட்டு, அதையே தேடிக்கொண்டிருப்பாள். அவளுடைய அறை முதல் மாடியில் இருந்தது. பெயிண்டர் படிக்கட்டின் கீழே நின்று மேலே பார்த்தார். பதினெட்டுப் படிகள். கைப்பிடியைப் பிடித்தார். விட்டார். திரும்பி வாசலைப் பார்த்து நடந்தவரை அவள்தான் இறங்கி வந்து பிடித்தாள்.

"மேல வரணும்னு இல்லீங்க. இங்கேயே உக்காரலாம்" என்று படிக்கட்டுக்கு அடியில் பழைய சக்கர நாற்காலிகளை ஒதுக்கிவைத்திருந்த இடத்தில் ஒரு மேசையைப் போட்டாள். இரண்டு வாரம் அங்கேதான் உட்கார்ந்தார்கள். தரை துடைக்க வந்தவர் இருவரையும் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் அவள் தாளும் நீர்வண்ணமும் கொடுத்தாள். அவர் டப்பாவை முகர்ந்து பார்த்தார். பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாசனை இல்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. சாம்பல் நிறத்தை எடுத்துத் தாள் முழுவதும் அடித்தார். இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ். காயட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"முடிஞ்சுதா?"

"இல்ல மேடம். இன்னொரு கோட் இருக்கு."

இரண்டாவது பூச்சையும் அடித்து முடித்தார். விளிம்பில் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "வேலை சுத்தமா இருக்கு. என் வீட்டுக்கு அடிச்சவர் ஜன்னல் கண்ணாடிக்கும் சேத்து அடிச்சிட்டுப் போனார்" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு பெயிண்டரின் முகம் சிரிக்கிற மாதிரி கொஞ்சம் அசைந்தது.

நாலு வாரம் வெறும் சுவர்தான். சாம்பல் சுவர், மஞ்சள் சுவர், பச்சைச் சுவர். அவள் இது என்ன என்று ஒருமுறையும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உயிரைக் கையில் வைத்துக்கொண்டு, பதினெட்டுப் படியையும் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது மாரத்தான் ஓடியவர் மாதிரி மூச்சு வாங்கியது. அவளுடைய அறையில் ஒரு நீள மேசை, கழுவு தொட்டி, ஜன்னலோரம் காயப்போட்ட படங்கள், பூட்டுப் போட்ட ஓர் இரும்பு பீரோ. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஐந்தாவது வாரம் மஞ்சள் சுவர் காய்ந்ததும், கை தானாகக் கறுப்பைத் தொட்டு மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தது. அது கயிறு என்று அவருக்குப் புரிவதற்குள் கணுக்காலில் பிடி விழுந்துவிட்டது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து கழுவு தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தார். கொக்கியின் சத்தம் காதுக்குள் கேட்டது.

"செருப்பைக் கழட்டுங்க" என்றாள் கலர் மேடம், பக்கத்தில் வந்து, ஆனால் அவரைத் தொடாமல். "ரெண்டு காலையும் தரையில நல்லா அழுத்துங்க. டைல்ஸ் எப்படி இருக்கு?"

"சில்லுன்னு..."

"இன்னும் அழுத்துங்க. தரை இருக்கா?"

"இருக்கு."

"நீங்க தொங்கலை. நிக்கிறீங்க. சொல்லுங்க."

"நிக்கிறேன்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

அன்று போதும் என்று சொல்லிவிட்டாள். "நீங்க எப்ப நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திடுவோம். இங்க யாரும் உங்களைத் துரத்தலை."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதை யாராவது பாத்தா? போலீஸ்ல கீலீஸ்ல குடுத்துட்டா?"

ஒரு மஞ்சள் தாளும் ஒரு கறுப்புக் கோடும். பார்க்கிறவர்களுக்கு அதில் ஒன்றுமே தெரியாது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. படத்தை ஓர் உறையில் போட்டு அவரையே ஒட்டச் சொன்னாள். பீரோவில் வைத்துப் பூட்டினாள். "இதுல இருக்கிறதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக வேணாம். இங்கேயே இருக்கட்டும். அடுத்த வாரம் வந்து திறக்கணும்னா திறக்கலாம். வேணாம்னா வேணாம்."

அது சின்ன விஷயம்தான். ஆனால் அந்த வாரம் பல் துலக்கும்போது பிடி வந்தபோது, 'நீ அந்த பீரோவுக்குள்ள இருக்கே' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். உடனே போய்விடவில்லை. கொஞ்சம் தளர்ந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் உறையைப் பிரித்து ஏதாவது ஒன்றைச் சேர்த்தார். சில வாரங்களில் ஒன்றும் சேர்க்காமல் வைத்துவிட்டு வந்தார். கொக்கி வந்தது. பெல்ட் வந்தது. ஒரு கால் வந்தது. பல வாரம் அந்தக் கால் தனியாகவே தொங்கியது. ஒருநாள் காலைச் சுற்றிப் பத்து விரல்களை வரைந்தார். ஒவ்வொரு விரலுக்கும் நகம் வைத்தார். நகத்தில் வண்ணக்கறை வைத்தார். பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு கால் இருக்கு மேடம்" என்றார்.

"ம்."

"அது என்ன பண்ணுச்சுன்னு வரையணும்."

"இன்னைக்கேவா?"

தலையை ஆட்டினார். இடது காலை வரைந்தார். மடங்கிய முழங்கால், கீழே விரல்கள்மேல் அழுந்தும் குதிகால். வரைந்துகொண்டிருக்கும்போதே பேச ஆரம்பித்தார். சுவரைப் பார்த்துப் பேசினார். வாளி விழுந்த சத்தத்திலிருந்து, நெட்டை "மாமா மாமா" என்று கத்தியதிலிருந்து, இரண்டாவது உதைக்குப் பிறகு கால் எவ்வளவு லேசாக இருந்தது என்பதுவரை சொன்னார். அந்த லேசு பிடித்திருந்தது என்றும் சொன்னார். ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது என்றார். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது என்றார்.

கலர் மேடம் தலைமுடிமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள். "உயிர் போற நேரத்துல உடம்பு மனசைக் கேட்டுட்டு எதுவும் செய்யாது. இது உண்மை. ஆனா நான் சொல்றதால மட்டும் உங்களுக்கு நிம்மதி வந்துடாது, அதுவும் எனக்குத் தெரியும்."

"அவன்கிட்ட சொல்லணுமா?"

"நான் சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். சொன்னா உங்க பாரம் இறங்கும். அவர் மேல எவ்வளவு ஏறும்னும் யோசிங்க. அவசரம் இல்ல."

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்கப் பயம்தான் வளர்ந்தது. அந்தச் சமயத்தில்தான் இன்னொன்று தெரிந்தது. நெட்டையைப் பார்க்க வந்த கூட்டாளி ஒருவன், "எப்படிடா விழுந்தே?" என்று கேட்டான். பெயிண்டர் பின்கட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மேடை சரிஞ்சது வரைக்கும்தான்டா ஞாபகம். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. மாமா பிடிச்சாராம். அக்காதான் சொன்னா" என்றான் நெட்டை.

அவனுக்குத் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் இந்த உலகத்தில் யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. தப்பித்துவிட்டோம் என்று தோன்ற வேண்டிய நேரத்தில் அவருக்குக் குப்பென்று வியர்த்தது. இனி அந்தப் பிடியை வாழ்நாள் முழுக்கத் தனியாகச் சுமக்க வேண்டும். உள்ளே மகள் ஊன்றுகோலோடு நடந்து பழகும் மாமாவைச் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். அப்பா வருவதைப் பார்த்ததும் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். தினமும் அப்படித்தான் ஒதுங்கினாள். தன் உதை எட்டாத தூரத்தை அவள் கணக்கு வைத்திருக்கிறாள் என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த வாரம் உறையை வீட்டுக்கு எடுத்து வந்தார். மதியம் மூன்று மணி. மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். மகள் பள்ளியில். நெட்டை கட்டிலில் சாய்ந்திருந்தான். பெயிண்டர் படத்தை எடுத்து அவன் மடியில் வைத்தார். 

"என்ன மாமா இது?"

"அன்னைக்கு நடந்தது."

நெட்டை பார்த்தான். கயிறு, கொக்கி, கால், விரல்கள். பிறகு அந்த இன்னொரு கால். ரொம்ப நேரம் பார்த்தான். தையல் மிஷின் நின்றுவிட்டது.

"இது யார் கை?"

"உன் கை மாப்ள."

"எத்தனை தடவ உதைச்சீங்க?"

"ரெண்டு."

 நெட்டை தன் கையை விரித்து விரல்களைப் பார்த்தான். வலது கையின் நடுவிரல் முழுதாக நீளாது. விழுந்ததில் உடைந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் வெளிய போங்க மாமா" என்றான். சத்தம் போடவில்லை. பெயிண்டர் வாசல்வரை போய் நின்றார்.

மனைவி எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். கணவனை அடிப்பதற்குக் கையை ஓங்கினாள், அடிக்கவில்லை. "ஊர் பூரா சொன்னேனே" என்றாள். "ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே போய்ச் சொன்னேனே. பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தீங்களே, எப்படிங்க முடிஞ்சுது?"  பயந்தேன் என்று சொல்லலாம். ஆனால் அந்த வார்த்தை அந்த நேரத்தில் ரொம்பச் சின்னதாக இருந்தது.

பதினோரு நாள் அந்த வீட்டில் அவரோடு யாரும் பேசவில்லை. சாப்பாடு தட்டில் போட்டு மூடி இருக்கும். அவர் பின்கட்டில் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். தன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று ஒவ்வொரு காலையும் எதிர்பார்த்தார். கலர் மேடத்திடம் போய், "சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "இருக்கலாம்" என்றாள் அவள். "இன்னைக்கு அப்படித் தோணுது. உக்காருங்க, காலைத் தரையில வைங்க." அன்று அவர் அவள் கொடுத்த களிமண்ணை மேசைமேல் குத்திக் குத்தித் தட்டையாக்கிவிட்டு வந்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை.

பன்னிரண்டாம் நாள் நெட்டை கூப்பிட்டான். "தாளும் பென்சிலும் இருக்கா?"

மகளின் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தார். நெட்டை அதன்மேல் குனிந்து கோணல்மாணலாக ஏதோ கிறுக்கினான். தாளின் அடியில் அலை அலையாகக் கோடுகள், வளைந்த தகரம். மேலே வெறும் வெள்ளை. அந்த வெள்ளையின் உச்சியில், ஈ அளவுக்கு, தொங்கும் ஒரு மனிதன்.

"உங்க படத்தைப் பாத்தப்புறம் எனக்கு ஞாபகம் வந்தது இவ்வளவுதான்" என்றான். "கீழ கிடந்தேன். மேல நீங்க ஆடிட்டு இருந்தீங்க. விழுந்துடாதீங்க மாமா, ஆடாதீங்கன்னு கத்தினேன். வாயைத் திறந்தேன், சத்தம் வந்துச்சான்னு தெரியல."

பெயிண்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சிட்டேன்னு நினைக்காதீங்க" என்றான் நெட்டை. "எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கலை. உங்க மூஞ்சியப் பாத்தா சில நேரம் ஊன்றுகோலால ஒண்ணு போடலாம்னு இருக்கு. ஆனா பின்வாசல் வழியா ஒளிஞ்சு ஒளிஞ்சு போனீங்க பாருங்க, அதை மட்டும் நிறுத்துங்க. வீட்டுல திருடன் இருக்கிற மாதிரி இருக்கு."

அதிலிருந்து முன்வாசல் வழியாகப் போனார். ஒவ்வொரு முறையும் நெஞ்சு திக்கென்றது. போனார்.

மகளின் விஷயத்துக்கு இன்னும் நாளானது. கலர் மேடம் சொன்னபடி வீட்டில் ஒரு விதி வைத்தார்கள்: அவரைத் தொடுகிறவர்கள் முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு மாலை மகள் எட்ட நின்று, "அப்பா, காலைத் தொடட்டுமா?" என்றாள். பிடிக்கிறேன் என்று சொல்லவில்லை, தொடட்டுமா என்றாள். அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்திவைத்தார். "ஒரு விரலால" என்றார். அவள் ஒரு விரலால் தொட்டாள். அவர் உள்ளங்கை நாற்காலிப் பிடியில் வழுக்கியது. இடது தொடை துடித்தது. தரை இருக்கிறது, தரை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். அவள் விரலை எடுத்துக்கொண்டு, கிழிந்து தைத்த உதட்டைக் கடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

மனைவி பேச ஆரம்பித்தாள். முதலில் உப்பு, சோப்பு, மின்விளக்கு என்று சாமான்களைப் பற்றி மட்டும். பிறகு மற்றவற்றையும். ஆனால் கணவன் தம்பியைத் தாங்கிய கதையை வெளியே சொல்வதை அவள் அடியோடு நிறுத்திவிட்டாள். யாராவது உங்க வீட்டுக்காரர் பெரிய மனுஷங்க என்று ஆரம்பித்தால், "அவரும் மனுஷன்தாங்க" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துவிடுவாள்.

பெயிண்டர் மறுபடி வேலைக்குப் போகிறார். உள்ளறைகள் மட்டும். மூன்று படி முக்காலிக்கு மேல் ஏறுவதில்லை. கூரைக்கு அடிக்க வேறு ஆள் வைத்துக்கொள்கிறார். வெளிச்சுவர் வேலை வந்தால், "எனக்குப் பயம்ங்க" என்று நேராகச் சொல்லிவிடுகிறார். வாரம் ஒருமுறை கலர் மேடத்திடம் போனது மாதம் ஒருமுறை ஆகியிருக்கிறது. பிடி இன்னும் வருகிறது. முன்போல முழு நாளும் தங்குவதில்லை.

நெட்டை கொஞ்சம் விந்தி விந்தி நடக்கிறான். வண்ணக் கடையில் கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறான். ஒரு தரைத்தள அறையைப் பார்த்துத் தனியாகப் போய்விட்டான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெயிண்டர் அவனைப் பார்க்கப் போகிறார். சில நாள் இருவரும் எந்தக் கம்பெனியின் பட்டி சீக்கிரம் உதிர்கிறது என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். சில நாள் நெட்டை உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறப்பதில்லை. அப்போது பெயிண்டர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "மாப்ள, நான்தான். அடுத்த தடவ வர்றேன்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடக்கிறார்.